புளி வியாபாரியின் பல் கம்பி

முதலில் எரிந்தது மேலண்ணம்தான். மலை மேல் ஒரு வீட்டுக் களத்தில் புதுப் புளியைக் கிள்ளி வாயில் போட்டேன். முன்பற்களுக்குப் பின்னால் தீப்பொறி பட்டது போல ஓர் எரிச்சல். நான் சந்தவாசலில் புளி, சாமை வியாபாரம் செய்பவள். ஜவ்வாது மலை ஊர்களுக்கு ஏறி, வீடு வீடாகப் புளியைச் சுவைத்துப் பார்த்துத்தான் விலை பேசுவேன். வாய்தான் என் தராசு. அது கெட்டால் என் பிழைப்பு என்ன ஆகும்?

உடம்புச் சூடு என்று நினைத்து மோரும் மணத்தக்காளிக் கீரையுமாக உள்ளே தள்ளினேன். எரிந்த இடத்திலிருந்த புண் ஆறும், அடுத்த வாரமே திரும்பி வரும்.

கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் வேலூரில் ஒரு பல் சீரமைப்பு மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா என் கையில் கண்ணாடியைக் கொடுத்துப் பல்லைக் கடிக்கச் சொன்னார். என் கீழ் முன்பற்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ஆழ்கடி (மேல் பற்கள் கீழ்ப் பற்களை முழுக்க மூடிவிட, கீழ்ப் பற்கள் அண்ணத்தில் போய்க் குத்துவது) என்றார்.

"புண்ணுக்கு மருந்து தடவிப் பிரயோஜனம் இல்லைங்க. உங்க பல்லே உங்களைக் கடிக்குது. இப்படியே விட்டா ஈறு தேஞ்சு மேல் பல்லு ஆட ஆரம்பிச்சிடும்."

முப்பத்தெட்டு வயதில் பல் ஆடுவதா? என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

வழி இரண்டு என்றார். ஒன்று, பற்களில் பிராக்கெட்டுகளை (சிறு உலோகத் துண்டுகள்) ஒட்டிக் கம்பி கட்டுவது. இன்னொன்று, வாயை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பல்லும் எங்கே நகர வேண்டும் என்று கணினியில் திட்டமிட்டு, அதன்படி செய்த அலைனர்களை (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறைகள்) வரிசையாக அணிவது. திரையில் என் பற்கள் தாமாக நகர்ந்து ஒழுங்காக நின்றதைப் பார்த்து அசந்துபோனேன். என் வீட்டுக்காரர் வேறு, "இந்த வயசுல கம்பி கட்டிக்கினு போனா மலையில சிரிப்பாங்கடி" என்றார். உறையையே கேட்டு வாங்கினேன்.

சாப்பிடவும் பல் துலக்கவும் தவிர உறையைக் கழற்றக் கூடாது. போட்டிருக்கும்போது தண்ணீர் மட்டும்தான் குடிக்கலாம் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் மலையை மறந்து தலையாட்டிவிட்டேன்.

மலையில் வரக்காப்பி குடிக்காமல் விலை பேச முடியாது. வேண்டாம் என்றால் அந்த வீட்டை இளப்பமாக நினைக்கிறோம் என்று பொருள். அதனால் ஒரு வீட்டில் கழற்றுவேன். குடித்து, புளியைச் சுவைத்து, வாய் கொப்பளித்து மாட்டுவேன். அடுத்த வீட்டில் மறுபடியும் அதே கூத்து. சலித்துப்போய் டப்பாவிலேயே போட்டுவைத்து, மலை இறங்கும்போது மாட்டிக்கொள்வேன். தூங்கும்போது போடுகிறோமே, அது போதாதா என்று என் நினைப்பு.

எனக்கு எப்போதும் புளி கொடுக்கும் சின்னப்பொண்ணு அக்கா ஒருநாள் டப்பாவில் உறையைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, அதுக்குள்ள பல்செட்டு வெச்சிக்கினியா?" யாருக்கும் தெரியக் கூடாது என்று வாங்கிய உறை, என்னைக் கிழவியாக்கிவிட்டது!

அடுத்த ஸ்கேனில் குட்டு வெளிப்பட்டது. திட்டப்படி பற்கள் நிற்க வேண்டிய இடம் ஒரு நிறத்தில். என் பற்கள் நின்ற இடம் வேறு நிறத்தில். புது உறை பல்லில் உட்காரவே மறுத்தது. அண்ணத்துப் புண்ணும் அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இவ்ளோ தெரிஞ்ச கம்ப்யூட்டருக்கு, நான் காப்பி குடிப்பேன்னு தெரியாதாங்க?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "நீங்க அதுக்குச் சொல்லலையேங்க. புளி சீசன்ல மலைக்குப் போகாம இருக்க முடியுமா?"

"முடியாதுங்க."

"அப்ப கழட்டவே முடியாததைப் போடுவோம்."

கம்பிதான் போட்டார். அதே ஸ்கேனை வைத்துத்தான் ஒவ்வொரு பிராக்கெட்டும் ஒட்ட வேண்டிய இடத்தைக் குறித்தார். மேல் முன்பற்களின் பின்புறம் கடிமேடையும் (கீழ்ப் பல் அண்ணத்தைத் தொடாமல் தடுக்கும் சிறு திட்டு) வைத்தார். முதல் வாரம் கம்பி கன்னத்தைக் கிழித்தது. கூழைத் தவிர எதுவும் இறங்கவில்லை. ஆனால் புண் ஆறத் தொடங்கியது, இந்த முறை திரும்பி வரவில்லை.

மலையில் சிரிக்கத்தான் செய்தார்கள். "வாய்க்கு வேலி போட்டுட்டாங்களா? இனிமே எங்க வெலைய கொறைக்க மாட்டே" என்றார் சின்னப்பொண்ணு அக்கா. நானும் கம்பி தெரியச் சிரித்தேன்.

உறையா, கம்பியா என்று தவித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிட்டு ஓரிடத்தில் வேலை செய்பவருக்கு உறை சுகம். பல் துலக்குவதும் சுலபம். கம்பியில் புளி நார் சிக்கினால் எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஆனால் கம்பி என் பிடிவாதத்துக்கும் மறதிக்கும் மேல் நின்று வேலை செய்தது. எல்லாக் கடியும் ஒன்றல்ல; உங்கள் கடிக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கம்பி அவிழ்த்து ஒரு சீசன் ஆகிறது. பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்கத் தூங்கும்போது ரிட்டெய்னர் (பற்களை நிறுத்திவைக்கும் உறை) போடுகிறேன். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கல் என்று நினைத்திருந்தேன். அது நாம் தூங்கும்போதும் மெல்ல அசைகிற பொருள். அதை அவசரப்படுத்தவும் முடியாது, ஏமாற்றவும் முடியாது.

போன வாரம் சின்னப்பொண்ணு அக்கா களத்தில் புளியைக் கிள்ளி வாயில் போட்டேன். பழக்கதோஷம், கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எரிச்சல் வரவில்லை.

"இன்னாம்மா பேச்சு மூச்சைக் காணோம்? புளிப்பு பத்தலியா?"

"பத்துதுக்கா. புளிப்பு மட்டும்தான் தெரியுது."

"அப்போ மொதல்ல காப்பியைக் குடி. வெலைய அப்புறம் பேசலாம்."

டம்ளரை வாங்கினேன். எதையும் கழற்றாமல், நிதானமாகக் குடித்தேன்.