அண்ணனுக்குப் போட்ட காகித மாலை

இதை எழுதவென்று கொப்பி வாங்கி ஒன்பது வருடமாகிறது. வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றிவிட்டு உட்காருவேன். எதிர்ச் சுவரில் தனியே நிற்கும் ஆணியைக் கண்டதும் கொப்பியை மூடிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை, ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் செம்மஞ்சள் கிரேப் கடதாசிச் சுருள் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். கடைக்காரப் பெண் ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்த மணம் என்னை நாடக மண்டபத்து உடுப்பறைக்கே கொண்டுபோய்விட்டது.

அங்கே நான் நடிகர்களின் உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டு மினுக்குகிறவன். பிச்சைக்காரன் வேடத்துக் கந்தலையும் மடிப்புக் கலையாமல் மினுக்கிக் கொடுத்து முதல் மாதமே ஏச்சு வாங்கினேன். உடுப்பறைக்குப் பொறுப்பு மோனிக்கா. என் தேத்தண்ணியில் பாதி அவளுக்கு, அவள் கேக்கில் பாதி எனக்கு. "உன் ஜெர்மன் கோணல், மடிப்பு மட்டும் நேர்" என்று சிரிப்பாள்.

எங்கள் மண்டபமும் லண்டன் குழு ஒன்றும் ஒரே நாடகத்தை ஆடுவது வழக்கம். இவர்கள் ஜெர்மனில், அவர்கள் ஆங்கிலத்தில். பிறகு ஊர் மாறிப் போய் ஆடுவார்கள். அந்த வருடம், காணாமல் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை. நான் மோனிக்காவிடம் சொல்ல, அவள் நாடகக்காரருக்குச் சொன்ன எங்கள் வீட்டுக் கதைதான் அது. கொழும்புக்கு வேலைக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. எங்களோடு இருக்கும் அண்ணி இன்னும் குங்குமம் வைக்கிறார். செத்தவர் படத்துக்குத்தான் மாலை போடுவோம், அதனால் அண்ணன் படத்துக்குப் போடுவதில்லை. எல்லாம் விளக்கமாகச் சொல்லியிருந்தேன்.

மேடையில் வைக்க அந்தப் படத்தை மோனிக்கா கேட்டாள். தொலைபேசிக்கு மேலே மாட்டியிருந்த படம். தயங்கித்தான் அண்ணியிடம் சொன்னேன்.

"லண்டனுக்கும் போகுமோ?"

"ஓம் அண்ணி."

"அப்ப கொண்டு போங்கோ தம்பி. அங்கை எங்கடை ஆக்கள் எத்தினை பேர்! ஆராவது ஒராள், இவரை இன்ன இடத்திலை கண்டனான் எண்டு சொல்லமாட்டினமோ?"

இங்கே ஆடியபோது படம் மேசையில் வெறுமனே இருந்தது. அண்ணி பார்த்துக் கைகூப்பினார். பிறகு அது லண்டன் குழுவிடம் போயிற்று. அதன்பின் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அண்ணி ஈரக் கையோடு ஓடி வருவார். நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன்.

மூன்று மாதத்தில் லண்டன் குழு இங்கே ஆட வந்தது. அண்ணியை முன்வரிசையில் இருத்தினேன். கடைசிக் காட்சியில் அந்த நடிகை செம்மஞ்சள் காகித மாலையை எடுத்து அண்ணன் படத்துக்குப் போட்டாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது.

அண்ணி என் கையைப் பிடித்தார். "தம்பி, அங்கையும் இப்பிடித்தான் போட்டவையோ?"

உடுப்பறைக்கு ஓடினேன். மறுநாள் ஆட்டத்துக்கு இன்னொரு மாலை மோனிக்காவின் மடியில் பாதி கட்டியபடி இருந்தது.

"வெறும் படம் வைத்தால் அங்கே சனத்துக்கு விளங்காதாம். மாலை கேட்டார்கள், கட்டி அனுப்பினேன்" என்றாள்.

"உனக்குச் சொன்னேனே, மோனிக்கா."

"நாடகம்தானே?"

அண்ணனை எங்கேயாவது கண்ட ஒருவர் லண்டன் சனத்துக்குள் இருந்திருந்தால், மாலையைப் பார்த்து, 'பாவம், செத்துப்போனார்' என்று பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பாரே! அந்த முகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

படத்தை வாங்கி வந்தோம். அண்ணி அதைத் தன் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். குங்குமம் வைக்கிறார். ஆனால் தொலைபேசி அடித்தால் இப்போது ஓடி வருவதில்லை. மோனிக்காவோடு அதற்குப் பிறகு நான் தேத்தண்ணி குடித்ததில்லை.

இதை யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். விளங்கட்டும் என்று ஒன்றையும் சேர்க்காதீர்கள். என் அண்ணன் காணாமல் போனவர். அவருக்கு நாங்கள் மாலை போடவில்லை.