மலைக்குப் போன காரில் மில் பெல்ட்டு

எங்க வீட்டுக்காரருக்குப் புத்தூர்ல ரோட்டு மேலேயே மோட்டார் ஷெட்டு. ஒட்டினாப்பல வீடு. நான் அஞ்சாங் கிளாஸோட நின்னவ. ஆளுங்க வந்தா கதவுக்குப் பின்னால போய்டுவேன். ஆனா நறுக்கித் தேய்ச்சுக் குடுக்கிற வேலைக்கு அவருக்கு என் கைதான் வேணும்.

எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்குன்னு இழுத்துக்கினு இருந்த காலம் அது. நகரிக்கு அப்பால ஒரு ஊர் மணியக்காரர், தன் ஊர் மெட்ராஸோட சேர்ந்தா குடும்பத்தோட திருப்பதி மலைக்கு வர்றதா வேண்டிக்கினாராம். சேர்ந்துடுச்சு. வெள்ளைக்காரன் காலத்துக் காரை எங்க ஷெட்டுல கொண்டாந்து விட்டார். ஒரு வேகம் வந்தா எஞ்சின் ஜுரம் வந்தாப்பல நடுங்குச்சு.

வீட்டுக்காரர் எஞ்சின் மூக்கைப் பிரிச்சார். கனமான ஒரு சக்கரம், ரெண்டு பக்கமும் தட்டு. நடுவுல இருந்த பட்டை தூளா உதிர்ந்துச்சு.

"நடுக்கத்தைத் துன்றது இதாம்மே. இது இல்லேன்னா உள்ளே சுத்தற கிராங்குத் தண்டு முறிஞ்சிடும்."

அந்தக் காருக்குக் கம்பெனிப் பட்டை எங்கேயும் கிடைக்கலை. கிடைச்சதை நறுக்கி வச்சு, நான் தட்டை அமுக்க, அவர் சக்கரத்தைத் திருகிப் பார்த்தார். கம்பளி வழுக்கிக்கினு ஓடுச்சு. அரிசி மில் ரப்பர் பெல்ட்டு ஒரே பிடியாப் பிடிச்சுது, அசையலை. மாட்டுத் தோல் மட்டும் பிடிச்சு, மெல்ல விட்டுக் குடுத்துது.

"இதான். சும்மா சுத்தினாலும் பிரயோஜனம் இல்லை, ஒட்டிக்கினாலும் இல்லை."

அன்னிக்கே மணியக்காரர் வந்தார். தோலைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு.

"செருப்பையே கீழே விட்டுட்டுப் போற மலை. வண்டி வயித்துல மாட்டுத் தோலா? ஒனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"மேட்டுல ஏறும்போது எஞ்சின் நடுங்குற அந்த வேகத்துலயே ஓடுங்க. கிராங்கு தாங்காது."

"சாமி தாங்கும். பெல்ட்டையே போடு. நீயே ஓட்டிக்கினு வா."

கதவிடுக்குல எனக்குக் கார் தெரிஞ்சுது. கதவு திறந்து கிடந்துது. மணியக்காரர் உட்கார்ந்து வந்த சீட்டு முழுக்கச் சிவப்புத் தோல். பேச்சு தொண்டை வரைக்கும் வந்துது. வெளியே நாலு ஆம்பிளைங்க நின்னாங்க. முழுங்கிட்டேன்.

பெல்ட்டைப் பூட்டி முடிச்ச பிறகுதான் அந்தச் சீட்டைப் பத்தி வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன்.

"அடிப்பாவி, அப்பவே சொல்றதுக்கு இன்னா?" சிரிச்சார். அப்புறம் சிரிக்கலை. "சரி, மெதுவாப் போறேன்."

காலையில கார் கிளம்பினப்ப அந்த நடுக்கம் வாசப்படியில என் கால்ல ஏறுச்சு. குழந்தைங்க கையாட்டிச்சுங்க.

மலையில பாதி ஏறினதும் கிராங்கு முறிஞ்சு வெடி போட்டாப்பல ஒரு சத்தமாம். எஞ்சின் நின்னு வண்டி பின்னால உருண்டுச்சாம். பிரேக்கு தாங்கலை. வீட்டுக்காரர் கதவைத் திறந்து பின்னால பார்த்துக்கினே வண்டியைப் பாறைப் பக்கமா ஒடிச்சிருக்கார். எல்லாரும் பிழைச்சாங்க. கதவுக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டினது அவர் வலது கை. மூணு விரல் போச்சு. அப்புறம் அவர் ஸ்பேனர் பிடிக்கவே இல்லை.

பத்து நாள் கழிச்சு மணியக்காரர் பழத்தோட வந்தார். கட்டிலாண்ட உட்கார்ந்து, "சாமி குத்தம்பா. அந்தத் தோலை வச்ச மேஜையிலதானே பெல்ட்டையும் நறுக்கினீங்க?"ன்னார்.

நான் கதவை விட்டு வெளியே வந்தேன்.

"உங்க கார் சீட்டு இன்னாதுங்க?"

வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையை மார் மேல வச்சுக்கினு என்னையே பார்த்துக்கினு இருந்தார்.