அக்கா நடந்து பார்த்த சாலை

என் அக்காவுக்கு மெதுவாக நடக்கத் தெரியாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் எப்போதும் போவாள். கூடப் போனால் எனக்கு மூச்சு வாங்கும். அதைக் கிண்டல் செய்தே வளர்ந்தவன் நான். அந்த நடை இப்படி ஒரு வினையில் கொண்டுபோய் விடும் என்று யார் கண்டது?

அம்மா போன பிறகு எங்களை வளர்த்தது சித்தி. சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனவள். எங்களைப் பள்ளிக்கூடத்தில் விடப் பெரிய சாலையைத் தாண்ட வேண்டும். சித்தி பாதி தூரம் போவதற்குள் லாரிக்காரன் ஹாரனை அழுத்தித் தொலைப்பான். ஒருநாள் ஒருத்தன், "நடக்க முடியலன்னா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே!" என்று கத்தினான். இரண்டாம் வகுப்பு படித்த அக்கா நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

"நான் பெருசானதும் எல்லா வண்டியும் நிக்கும் சித்தி. உன்ன மாதிரி இருக்கறவங்க எல்லாரும் போனப்புறம்தான் கிளம்பும்."

அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு 'டிராஃபிக்' என்றே பெயர்.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. எலக்ட்ரிக்கல் படித்து, சிக்னல் பராமரிக்கும் வேலையிலேயே சேர்ந்தாள். "உனக்காகத்தான் சித்தி" என்று முதல் சம்பளத்தை நீட்டியபோது சித்தி அழுதேவிட்டாள்.

சில மாதங்களுக்கு முன் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். "காரெல்லாம் தேங்கி நிக்குதும்மா. நடக்கறவங்களுக்கான பச்சை நேரத்தைக் கொஞ்சம் குறைச்சிடுங்க." அக்காவுக்குப் பதவி உயர்வு வரும் சமயம். தலையாட்டிவிட்டாள். அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டைமரை மாற்றியவரே குறுக்கே நடந்து பார்க்க வேண்டும். சிவப்பு விழுமுன் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தால் சரி. அக்கா நடையைக் கேட்க வேண்டுமா? நேரம் மிச்சமே இருந்தது. சின்ன வயதில் நாங்கள் தாண்டிய அந்தப் பெரிய சாலை நெடுக ஒவ்வொரு சிக்னலாகக் குறைத்துக்கொண்டே போனாள்.

நானும் அக்காவும் இருப்பது சாலைக்கு இந்தப் பக்கம். பழைய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சித்தி அந்தப் பக்கமே இருந்துவிட்டாள். வாரம் தவறாமல் வருகிறவள் திடீரென்று வரவில்லை. கேட்டால் முட்டி வலி என்றாள். எனக்குச் சந்தேகம் தட்டியது, நேரில் போனேன். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. சாலை நடுவில் வரும்போதே சிவப்பு விழுந்து, ஒரு பைக் உரசித் தள்ளியிருக்கிறது.

"அவகிட்ட மூச்சு விடாதடா. தாங்கமாட்டா."

என் வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்குள் நுழைந்ததுமே கொட்டிவிட்டேன். "நீ ஓடி ஓடிப் பார்த்தியே, அந்த ரோட்டுலதான் சித்தி விழுந்து கிடந்தா. நல்லா இருக்கு உன் டெஸ்டு!"

அக்காவின் முகம் செத்துப்போனது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சித்தியால முடியாதுன்னு எனக்குத் தெரியும்டா. நடக்கும்போதே சித்தி ஞாபகம் வந்துச்சு. அதனாலதான் இன்னும் வேகமா நடந்தேன்."

அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை சித்தியை அழைத்துக்கொண்டு அவள் விழுந்த சிக்னலுக்குப் போனோம். அக்கா கம்பத்தடியில் இருந்த பெட்டியைத் திறந்தாள்.

"நட சித்தி."

"உங்க ஆபீசர் திட்டமாட்டாரா?"

"திட்டட்டும்."

நான் பக்கத்திலேயே போனேன். சித்தி கைத்தடியை ஊன்றி ஊன்றி நடந்தாள். முதல் தடவை பாதியிலேயே சிவப்பு விழுந்தது. கார்க்காரர்கள் கத்தக் கத்த, அக்கா காதில் போட்டுக்கொள்ளாமல் நேரத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தாள். கடைசியில் சித்தி பச்சை மாறுமுன் போய்ச் சேர்ந்து, திரும்பியும் வந்தாள். அக்காவின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"எனக்குச் சரியாப் போச்சு," என்றாள் சித்தி, மூச்சு வாங்க. "இது ஒண்ணைத்தான் குறைச்சியா?"

அக்கா சாலை நெடுகத் தெரிந்த மற்ற சிக்னல்களைப் பார்த்தாள்.

"அங்கெல்லாம் யார் யார் விழுந்தாங்களோ?"

"தெரியல சித்தி." அக்கா பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை சித்தி பக்கத்திலேயே நின்றாள்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டினாள்.

"அடுத்த சிக்னல் வரைக்கும் வருவியா சித்தி?"

"மெதுவாத்தான் வருவேன்."

"மெதுவாத்தான் வரணும்."

சித்தி முன்னால் நடந்தாள். அக்கா பின்னாலேயே போனாள். ஓரிடத்திலும் அவளை முந்தவில்லை.