வாத்துக்கு அடியில் ஒரு கறுப்பு வட்டம்

வேலை பார்த்த இடத்தில் அவருக்கு நிழல்காரர் என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் பொருத்தமானது. பழைய வீடியோ கேம்களை எடுத்து, படத்தைக் கூர்மையாக்கி, ஒலியைச் சுத்தம் செய்து, இன்றைய டிவிகளில் ஓடும்படி மறுபடி வெளியிடுகிற கம்பெனி அது. ரீமாஸ்டர் என்பார்கள். அங்கே ஒருவர் தண்ணீரைப் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் மரங்களை. இவருக்கு நிழல். எதன் நிழல் எங்கே, எவ்வளவு நீளத்துக்கு, எவ்வளவு அடர்த்தியாக விழவேண்டும் என்பதை நாள் முழுக்கச் சரிபார்ப்பார்.

அதற்கு முன்னால் பல வருடம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தவர். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்களின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையை அழிப்பது அங்கே அவர் பொறுப்பு. "பாதி ஆயுசு நிழலை அழிச்சேன், மீதி ஆயுசு நிழலைப் போடுறேன். கணக்கு நேராயிடும்க்கா" என்று என்னிடம் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். அந்த வீட்டில் அவர் நகைச்சுவைக்கு வேறு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாகத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பேச்சுக்குப் பாதிப்பில்லை. இடது கையிலும் இடது காலிலும் பலம் குறைவு. கண் டாக்டர் பார்வையில் குறை இல்லை என்று எழுதியிருந்தார். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தெருமுனை மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. இடத்தைக் காலியாகவே வைத்திருப்பதாகக் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே செய்யவேண்டியது தெளிவாக இருந்தது. அவள் யார் கையையும் பிடிக்காமல் மாடிப்படி இறங்கவேண்டும். அதுவரை நான்.

நிழல்காரர் அந்த மாதங்களில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். ஜன்னலோரம் மேஜை, இரண்டு திரை, எப்போதும் ஆறிப்போன ஒரு டீ. நோயாளியைக் கவனிப்பதில் அவர் சுத்த சுமார். போர்வை மடிக்கத் தெரியாது. மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவர மறப்பார். ஆனால் நான் போன முதல் நாளே ஒன்று கவனித்தேன். அவள் சாப்பிட உட்காரும் இடத்தில் விளக்கை மாற்றி வைத்திருந்தார், அவள் கை நிழல் அவள் தட்டில் விழாதபடி. போர்வை விஷயத்தை அதற்காக மன்னித்தேன்.

பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சிகளை அவள் அடியோடு வெறுத்தாள். களிமண் உருண்டையைப் பிசைய வேண்டும், துணிக்கிளிப்பைக் கொடியில் மாட்டவேண்டும்.

"நான் என்ன பால்வாடி புள்ளையாக்கா? காயப்போடத் துணியே இல்லாம கிளிப் மாட்டச் சொல்றீங்க."

"துணி வேணும்னா உன் வீட்டுக்காரர் சட்டையைத் தர்றேன், துவைச்சுட்டு மாட்டு" என்றேன். கிளிப் பறந்து வந்தது. இடது கையால்தான் எறிந்தாள். அதையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டேன்.

நிழல்காரருக்கு அப்போதுதான் யோசனை வந்தது. அவருடைய கம்பெனி அப்போது ஒரு வாத்து விளையாட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஆற்றில் மிதக்கும் படகுகள் மேல் ஒவ்வொன்றாகத் தாவி ஒரு வாத்து கரையேற வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. கல்யாணமான புதிதில் இருவரும் விழுந்து விழுந்து விளையாடியது அது. அவள்தான் கெட்டிக்காரி. அவர் வாத்து இரண்டாவது படகிலேயே முழுகிவிடுமாம். பழைய கேம் பெட்டி இன்னும் பரணில் இருந்தது, ஆனால் இன்றைய டிவியில் அது பொருந்தாது. இடது கட்டைவிரலால் வாத்தை நடத்தவேண்டும், வலது கட்டைவிரலால் தாவவைக்க வேண்டும். இடது கட்டைவிரலுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. பிசியோதெரபிஸ்டும் சரி என்றார். ஆபீசில் அனுமதி வாங்கி, இன்னும் வெளிவராத புதுப் பதிப்பை வீட்டு டிவியில் போட்டார்.

நான் இந்த மாதிரி விளையாட்டெல்லாம் பார்த்தவள் இல்லை. ஆனாலும் அழகு அழகுதான். அந்தி வெயிலில் ஆறு தகதகத்தது. படகுக் கயிற்றின் முறுக்குவரை தெரிந்தது. வாத்து எம்பினால் அதன் நிழல், கழுத்து அலகு சிறகோடு, நீளமாகப் பக்கத்துப் படகுமேல் சாய்ந்து ஓடியது.

"இதை முடிச்ச அன்னிக்கு ஆபீசே எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னாடி நின்னு பார்த்துச்சுக்கா" என்றார். அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

முதல் தாவலிலேயே வாத்து ஆற்றில் விழுந்து செத்தது.

"வாத்து தண்ணியில விழுந்தா எப்படித் தம்பி சாகும்?" என்று கேட்டேன்.

"அதை மட்டும் கேக்காதீங்க. அந்தக் காலத்துல உருவாக்கினவங்க யோசிக்கல. நாங்க நீந்த விடலாம்னு சொன்னோம். விஷயம் வெளிய கசிஞ்சு, பழைய ரசிகர்கள் சண்டைக்கு வந்துட்டாங்க. எங்க வாத்துக்கு நீச்சல் தெரியாது, தெரியவும் கூடாதுன்னு."

"உங்களுக்கும்தான் தெரியாது. உங்களை யாராவது திருத்தினாங்களா?" என்றாள் மனைவி. வாத்து மறுபடி விழுந்தது.

அன்று சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த நாள்களில் சிரிப்பு குறைந்தது. கட்டைவிரல் நன்றாகவே வேலை செய்தது, அது எனக்குத் தெரிந்தது. வாத்துதான் படகுக்குப் பக்கத்தில், மயிரிழையில், தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்தது. அவர் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தார். புதுப் பதிப்பில் அந்த வசதி உண்டு. மெதுவாக விழுந்தது.

ஒருநாள் அவள் கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டு, "கை இல்லக்கா, கண்ணு போச்சு. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டுகிற நோயாளியைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

மறுநாள் படிக்கட்டுப் பயிற்சிக்குக் கூப்பிட்டேன். வாசல்வரை வந்தாள். முதல் படியைப் பார்த்தாள். "அந்த வாத்து மாதிரி நானும் போயிடுவேன்" என்று சொல்லி உள்ளே திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு குளியலறைக்குப் போகக்கூட சுவரைத் தடவ ஆரம்பித்தாள். முந்தின வாரம் அதே தூரத்தை வெறுமனே நடந்தவள். நிழல்காரர் என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய், "நோய் மறுபடி கிளம்புதாக்கா?" என்றார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு கண்டிப்பான அம்மாள். நோயாளி விழுந்தால் உடனே நோயாளியைக் குற்றம் சொல்லாதே, முதலில் தரையைப் பார், செருப்பைப் பார், கட்டில் உயரத்தைப் பார் என்று எங்களைப் பிழிந்தெடுத்தவர். நான் அதைத்தான் செய்தேன். டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கை கால் பலத்தையும் பேச்சையும் சோதிக்கச் சொன்னார், குறையவில்லை. பிறகு அவளை மேஜைமுன் உட்காரவைத்து, ஜாடியின் வாய்க்குள் துணிக்கிளிப்புகளைப் போடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். ஒன்றுகூட வெளியே விழவில்லை. தூரம் தெரியாத கண் இப்படிப் போடாது.

"தம்பி, இவ கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க ஆத்துலதான் ஏதோ கோளாறு" என்றேன்.

"என் ஆத்துலயா?"

"பழைய ஆட்டத்தைக் கொண்டாங்க. அதுலயும் விழறாளான்னு பார்ப்போம்."

ஆபீசில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய வயிறு வைத்த டிவி உண்டு. அதைக் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனும் அவரும் முக்கி முனகி இரண்டு மாடி ஏற்றினார்கள். பரணிலிருந்து பெட்டி இறங்கியது. புது டிவி பக்கத்திலேயே பழையதை வைத்து ஓடவிட்டார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆறு ஒரு நீலப்பட்டை, படகுகள் செங்கல்கள், வாத்து ஒரு மஞ்சள் மூட்டை.

"எனக்கு வேணாம்" என்றாள் அவள்.

"ஒரே ஒரு தடவை. அப்புறம் கிளிப்பை எல்லாம் என் மேல எறி" என்றேன்.

கன்ட்ரோலரை வாங்கினாள். மஞ்சள் மூட்டை எம்பியது. படகில் இறங்கியது. அடுத்த படகில் இறங்கியது. மூன்றாவதில் இடது கட்டைவிரல் சறுக்கி விழுந்தது, அது நியாயமான விழுதல். மறுபடி எடுத்தாள். வாத்து கரையேறி ஒரு கேவலமான சத்தம் போட்டது. நிழல்காரர் கைதட்டப் போனார், அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இருங்க. ஏங்க, அந்தக் கறுப்பு வட்டம் எங்க?"

"எந்த வட்டம்?"

"வாத்துக்கு அடியில பாருங்க, தோசைக்கல்லு மாதிரி. எம்பினா அது நேரா கீழயே வரும். அது படகு மேல இருந்தா நான் விரலை விடுவேன். புதுசுல அது இல்ல. புதுசுல வேற எதையோ பார்த்துல்ல குதிச்சிட்டிருந்தேன்."

எதைப் பார்த்துக் குதித்தாள் என்று அவருக்குப் புரிந்த நொடியை நான் அவர் முகத்தில் பார்த்தேன். புதுப் பதிப்பில் வெயில் சாய்ந்து விழுகிறது, நிழலும் சாய்ந்து பக்கத்தில் விழுகிறது. அவள் நிழலைப் படகில் சரியாக இறக்கிக்கொண்டிருந்தாள். வாத்து பக்கத்தில் ஆற்றில் இறங்கியது. அவர் தானே கன்ட்ரோலரை எடுத்துப் புதியதில் தாவிப் பார்த்தார். விழுந்தார். அது எதையும் நிரூபிக்காது என்றாள் மனைவி, அவர் எப்போதும் விழுகிறவர்தானே.

"முதல் நாள் முதல் வேலையா அந்த வட்டத்தைத்தான் துடைச்சேன். அசிங்கமா இருக்கு, அப்போ நிழல் போட வசதி இல்லாம ஒப்பேத்தியிருக்காங்கன்னு நெனச்சேன். விளையாடிச் சோதிக்கிற பசங்க, ஆட்டம் கொஞ்சம் கஷ்டமாயிருக்கேன்னாங்க. அவங்களுக்கும் பழகிடுச்சு. நானும் பழகிடும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு மெதுவாக, "உன் கண்ணுல ஒண்ணுமில்ல" என்றார்.

"அது எனக்கு இப்ப தெரியுது. உங்க கண்ணைப் போய்க் காட்டுங்க."

ஆபீசில் விஷயம் லேசாக முடியவில்லை. குழுத்தலைவியோடு அவர் திரைவழியே பேசியதை நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். விளம்பரப் படமே அந்த நீள நிழலை வைத்துத்தான் எடுத்தாயிற்று, அழகான படத்தின் நடுவே கரிவட்டம் போட்டால் அழுக்குப் பட்டதுபோல இருக்கும் என்றார் அந்த அம்மாள். சொன்னதில் தப்பில்லை.

"அழுக்கு மாதிரிதான் இருக்கும். என் படத்துல நானே அப்புறேன். நீள நிழல் இருக்கட்டும், ஆனா கால் தரையை விட்டா அடியில வட்டம் வரணும். இல்லாட்டி பழைய ஆளுங்க எல்லாம் தங்களுக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சு மூடி வெச்சிடுவாங்க. வீட்டுல ஒருத்தி வெச்சுட்டா" என்றார்.

அந்த அம்மாள் பழையதையும் புதியதையும் தானே விளையாடிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

வட்டம் போட்ட பதிப்பு வீட்டுக்கு வந்தது. அவர் அதை மெல்லிய சாம்பல் நிறத்தில், ஓரம் கரைந்து, கண்ணுக்கே தெரியாத நாசூக்கோடு போட்டிருந்தார்.

"இது என்ன, கொசுவா? கறுப்பாப் போடுங்க" என்றாள் மனைவி.

போட்டார். "இன்னும்." இன்னும் போட்டார். தோசைக்கல் வந்ததும்தான் விட்டாள். வாத்து அந்தி வெயிலில், பொன்னாற்றின் மேல், அழகான நீள நிழலும் அடியில் ஒரு கரியுமாகக் கரையேறியது. அவர் தன் படத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு அவள் கட்டைவிரலைப் பார்த்தார். திரும்பிப்போய் ஆறின டீயைக் குடித்தார்.

அதற்கடுத்த வாரம் காலையில் அவளே செருப்பைத் தேடினாள். நான் பின்னால் நின்றேன். அவர் ஓடிப்போய் முன்னால் இரண்டு படி இறங்கி, விழுந்தால் பிடிப்பதற்கு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். படிக்கட்டின் திருப்பத்தில் பெரிய ஜன்னல், வெளிச்சம் அவர் முதுகில்.

அவள் காலை எடுத்தாள். நிறுத்தினாள்.

"ஏங்க, நகருங்க. உங்க நிழல் படியில விழுது. ஓரம் தெரியல."

அவர் சுவரோடு சுவராகப் பல்லிபோல ஒட்டிக்கொண்டார். படி முழுதும் வெளிச்சமானது. அவள் கைப்பிடியைக்கூடத் தொடாமல், முதலில் பலம் குறைந்த கால், அடுத்து நல்ல கால், சொல்லிக்கொடுத்தபடியே இறங்கினாள். கீழ்த்தளம் போனதும் மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"வாத்து கரையேறிடுச்சு. கதவைப் பூட்டாம வந்திருப்பீங்க, போய்ப் பூட்டிட்டு வாங்க."

பூட்டாமல்தான் வந்திருந்தார்.