சக்கரத்தின் உட்பக்கம்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதற்குத் தகுந்தாற்போல் வேலையும் அமைந்தது. எங்கள் தீவின் மர்சா குதிரைவண்டி ரேஸ் திடலில் நடுவர் அறையின் குமாஸ்தா நான். ஞாயிறுதோறும் எந்த ஓட்டுநர் எவன் குறுக்கே வண்டியை விட்டான், எவன் சக்கரம் எதில் மாட்டியது என்று விசாரிப்பார்கள். அதை வார்த்தைக்கு வார்த்தை நோட்டில் எழுத வேண்டும். பதினோரு வருஷமாக எழுதுகிறேன். எந்த நோட்டைப் புரட்டினாலும் ஒரே பதில்தான் இருக்கும்: "நான் எதையும் பார்க்கல."

குறுக்கே வந்தவன் மட்டுமல்ல, விழுந்தவனும் அதையேதான் சொல்வான். மூக்கில் ரத்தம் வழியும், பல் ஆடும், ஆனாலும் "குதிரை தானா மிரண்டுடுச்சு" என்பான். அடுத்த வாரம் அதே ஆளோடு தோளுரச ஓட்ட வேண்டுமே, யார் வாயைத் திறப்பார்கள்? அந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் ஒரே ஒருவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர்தான் விஸ்டின் ஷெர்ரி. மூன்று நடுவர்களில் ஒருவர். ஊர் கொர்மி. தொழில் டிங்கரிங். வாரம் ஆறு நாளும் அடிபட்ட கார்களைத் தட்டித் தட்டி அடிபட்ட சுவடே இல்லாமல் ஆக்குவார். ஏழாம் நாள் இங்கே வந்து அடிபட்ட சுவட்டைத் தேடுவார். ஊரில் அவருக்குச் 'சுத்தியல்' என்று பட்டப்பெயர். குட்டையான ஆள், கழுத்தே கிடையாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு லாயத்துக்குப் போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். திரும்பி வந்து, "இடம் கெடைக்கறதுக்கு முன்னாடியே உள்ள வந்துட்டான்" என்றோ, "பின்னாடி வந்தவன்தான் போய் இடிச்சான்" என்றோ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அத்தனை ஓட்டுநர்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அப்படி என்னதான் பார்க்கிறார் என்று தெரியாமல் எனக்கு மண்டை வெடித்தது. பட்டாணி அடைத்த பாஸ்டிட்ஸி பலகாரம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன்.

"சொன்னா நாளைக்கே ஊர் பூரா தெரிஞ்சிடும், ஜெமா. அப்புறம் நான் எதைப் பாக்கறது?"

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாரே, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ரகசியம் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அவருடைய மகள் மார்விக். பட்டறையிலேயே வளர்ந்தவள். இப்போது அவளும் ஓட்டுநர். எட்டு வருஷம் முட்டி மோதி இந்த வசந்தத்தில்தான் முதல் தடவையாக இறுதிப் போட்டிக்குத் தேறியிருந்தாள். நுவாஜ் என்ற சாம்பல் நிறக் குதிரையும் நல்ல வேகத்தில் இருந்தது. இறுதிப் போட்டிக்குச் சரியாகப் பதினாலு நாள் இருக்கும்போது அது நடந்தது.

கடைசி வளைவு. வெளியிலிருந்து ஏறி வந்த மார்விக் உள்ளே திரும்பினாள். அவளுக்குப் பின்னால் வந்த ஸாரென் சப்பாராவின் குதிரை ஓட்டத்தின் தாளம் தவறித் தடுமாறியது. ஸாரென் வண்டியோடு குப்புற விழுந்தான். காரை எலும்பு முறிந்தது. கூடவே ஓடும் ஆம்புலன்ஸ் அந்த நொடியில் பார்த்துக் கேமராவை மறைத்துவிட்டதால் படத்தில் ஒன்றுமே விழவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஸாரெனிடம் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "மார்விக் மேல தப்பில்ல. நான் எதையும் பார்க்கல."

விசாரணை ஆரம்பித்ததும் விஸ்டின் எழுந்துவிட்டார். "என் பொண்ணு விஷயம். நான் வெளிய போறேன்."

தலைமை நடுவர் நோட்டரி பர்தோலோவுக்கு அது பிடிக்கவில்லை. "இந்தத் தீவுல சொந்தக்காரன் எல்லாம் விலகிக்கணும்னா, விசாரணையைக் குதிரைதான் நடத்தணும். உக்காருய்யா."

"மச்சான் மகன்னா உக்காருவேன். மக. முடியாது."

"சரி, போ. நாங்க ரெண்டு பேரும் அரை மணியில போய் வண்டியப் பாத்துக்கறோம்."

அவர் வெளியே போனார். ஒரு நிமிஷம்தான் பொறுத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நானும் கிளம்பினேன். நினைத்தபடியே அவருடைய கால் லாயத்துப் பக்கம் போயிருந்தது. பார்க்கும் உரிமை அன்றைக்கு அவருக்கு இல்லை. ஆனால் பார்க்காமல் இருக்கவும் அவரால் முடியாது. என் ஜாதிதானே அவரும்!

மார்விக்கின் வண்டி தனியாகக் கிடந்தது. கட்டை வண்டி மாதிரி இரண்டு சக்கரம், நடுவில் ஒரு சின்ன இருக்கை. சக்கரங்களின் இரு பக்கமும் கம்பிகளை மூடி வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு. விஸ்டின் ஒரு சுற்று வந்தார். நின்றார். முகம் செத்துப்போயிற்று.

"இப்பவாவது சொல்லுங்க, விஸ்டின். என்னத்தப் பாக்கறீங்க?"

பதில் சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். சொன்னார். "முன்னாடி போறவன் அவசரப்பட்டுக் குறுக்க வந்தா, பின்னாடி வர்ற குதிரையோட கால் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல மாட்டி, அவன் சக்கரத்து உள்பக்கத் தட்டுல படும். பின்னாடி வர்றவன் தானா போய் இடிச்சா டயர்ல படும். அவ்வளவுதான்."

"உள்பக்கம் ஒண்ணுமே இல்லையே. சுத்தமா இருக்கு."

"அதான். குதிரையோட பின்னங்கால் மண்ணை வாரி அடிக்குதுல்ல, அது எங்க படும்?"

"உள்பக்கம்."

"இதுல மண்ணு எங்க இருக்கு?"

பார்த்தேன். இரண்டு சக்கரங்களிலும் ஈர மண் வெளிப்பக்கம் அப்பியிருந்தது. உட்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இடது சக்கரத்தைக் கழற்றி வலதில் மாட்டினால் உள்ளே இருந்த முகம் வெளியே வந்துவிடும். வலது சக்கரத்தின் வெளித்தட்டில் பாதி நிலா அளவுக்குக் குளம்புத் தடம் பதிந்திருந்தது. வெளிப்பக்கக் கீறலை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வாசல் தூண் உரசி எல்லா வண்டியிலும் நாலைந்து கீறல் இருக்கும்.

எனக்குப் புல்லரித்துப்போயிற்று. இவ்வளவு சின்ன விஷயமா என்று ஒரு பக்கம் ஏமாற்றம். அடுத்த நொடியே மற்றது உறைத்தது. விஸ்டின் உட்பக்கத்தைத்தான் பார்ப்பார் என்று தெரிந்த ஒருத்திதான் அதை மாற்றியிருக்க முடியும்.

அவள் வாளியோடு வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஸாரெனுக்கு எலும்பு போச்சு, மார்விக்."

"தெரியும் பா. அவனே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டான்ல?"

"அவன் வேற என்ன சொல்வான்?"

"எட்டு வருஷம் பா. முப்பது நாள் தடை போட்டா பைனல் போச்சு. நீங்கதான் வெளிய வந்துட்டீங்களே, பேசாம இருங்களேன்."

"முப்பது நாளா?" விஸ்டின் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பைத்தியமே, அலட்சியமா ஓட்டினா முதல் தடவைக்கு இப்ப பத்து நாள்தான். விதியை மாத்தி மூணு மாசமாச்சு. புதுப் புத்தகம் நம்ம சாப்பாட்டு மேசை மேலதான் கெடக்கு. அது மேல காபி கோப்பைய வெக்கற, ஒரு பக்கம் பிரிச்சுப் பாத்தியா?"

மார்விக் வாளியைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். விதிப் புத்தகத்தைத் தட்டச்சு செய்தவளே நான்தான். மிச்சமும் எனக்கு மனப்பாடம். தடயத்தை மறைத்தால் மூன்று மாதம். சக்கரத்தைத் தொடாமல் விட்டிருந்தால் பத்து நாளில் முடிந்து, பதினாலாம் நாள் நுவாஜை ஓட்டியிருக்கலாம். தொட்டதனால்தான் எல்லாம் போயிற்று.

திடலின் அந்தக் கோடியில் நோட்டரியும் மூன்றாவது நடுவரும் வருவது தெரிந்தது. நோட்டரி பத்தடி எடுத்து வைப்பதற்குள் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள். எப்படியும் மூன்று நிமிஷம் ஆகும்.

"பா, திருப்பி மாட்டிடறேன். உண்மை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். எனக்குப் பத்து நாள் கெடைக்கட்டும். ஸ்பானர் குடுங்க." இரவல் வாங்கிய ஸ்பானரை அவள் அப்போதே திருப்பிக் கொடுத்திருந்தாள். விஸ்டினின் சாவிக்கொத்தில் எப்போதும் ஒன்று தொங்கும்.

விஸ்டின் என்னைப் பார்த்தார். பேனாவும் நோட்டும் என் கையில்தான் இருந்தன.

"நான் தண்ணி குடிக்க வந்தவ," என்றேன்.

ஸ்பானரை அவர் அவளிடம் கொடுக்கவில்லை. "தள்ளு. நீ ஒரு தடவை தொட்டது போதும். இது என் தப்பா இருக்கட்டும்." மண்டி போட்டார். அந்தக் கைகள் எவ்வளவு வேகமானவை என்று அன்றுதான் பார்த்தேன். இரண்டு சக்கரங்களும் இடம் மாறி, மண் உள்ளே போய், குளம்புத் தடமும் உள்ளே போய்விட்டது. அவர் எழுந்து எங்களைத் தாண்டி நடந்தபோது நோட்டரி இன்னும் யாரிடமோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

நோட்டரி வந்து குனிந்து பார்த்தார். "உள்பக்கம் ஏதோ குளம்புத் தடம் இருக்கே. நீ குறுக்க வந்தியாம்மா?"

"ஆமா, நோட்டரி. அவசரப்பட்டுட்டேன். என் தப்புதான்."

பதினோரு வருஷத்தில் என் நோட்டில் விழுந்த முதல் 'ஆமா' அதுதான். பத்து நாள் தடை போட்டார்கள். உண்மையை ஒத்துக்கொண்டதற்காக நோட்டரி அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன்.

திங்கட்கிழமை காலையில் விஸ்டின் என் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார். நடுவர் பதவியை விடுகிறாராம். வெளியே அனுப்பியதில் சுத்தியலுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நோட்டரி அவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சிவிட்டு வந்தார். மார்விக் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். பின்னாலேயே வந்த அப்பா அவளைத் தடுத்துவிட்டார்.

"சொன்னா ஜெமாவுக்கு வேலை போகும். பைனலை ஓட்டு. இவ்வளவு குடுத்திருக்கோம், ஓட்டாம விட்டா நான்தான் உன்னை மன்னிக்க மாட்டேன்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போகும் என்ற பயம்தான் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்விக் ஓட்டினாள். மூன்றாவதாக வந்தாள். இறங்கி நின்று அழுதாள். எதற்கு என்று பத்திரிகைக்காரர்களுக்குப் புரியவில்லை.

கையெழுத்து வாங்கும் சாக்கில் ஒரு நாள் விஸ்டினைக் கேட்டேன். "மார்விக்குக்குப் பத்து நாள். மறைச்சா மூணு மாசம். உங்களுக்கு எத்தனை நாள், விஸ்டின்? மூணு மாசம் ஆனதும் திரும்பி வந்துடுங்களேன்."

"ஓட்டறவனுக்குத்தான் மூணு மாசம். நடுவர் மறைச்சா எத்தனை நாள்னு புத்தகத்துல போடல. நீதானே டைப் அடிச்ச?"

இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் வருகிறார். கடைசி வளைவில், வேலியை ஒட்டி, டூனா மீன் வைத்த ரொட்டியோடு நிற்பார். போன வாரம் அவர் கண்ணெதிரிலேயே இரண்டு வண்டிகள் உரசின. யாருக்கும் அடி இல்லை. ஓட்டுநர்களில் ஒருவன் குதிரையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டித்தான் நடந்து போனான். சக்கரம் அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் உருண்டது. நோட்டரிக்கு ஒன்றும் புரியவில்லை, படமும் தெளிவாக இல்லை. நான் வேலிக்கு ஓடினேன்.

"விஸ்டின், யாருக்கும் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் பட்டிருக்கு?"

வண்டி போன திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பார்க்கல, ஜெமா," என்றார். "நான் எதையும் பார்க்கல."