ஆத்தாளும் ஏறிய பஸ்ஸு

போன வாரம் பாளையம்பட்டியில் என் மகனுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசம் வந்ததுமே மகனை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டேன். கூட வந்த பெரியவர்களையும் விடாமல், நீங்கள் சின்ன வயதில் போட்டிருக்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். எனக்கு அம்மையே வந்து போயாச்சு என்றேன். ஊசிக்குப் பயந்தவள் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். என் பயம் வேறு. எனக்கு அந்தப் பஞ்சு வாசத்துக்குப் பின்னாலேயே வேப்பிலை வாசமும் வரும்.

பரளச்சியில் இரண்டாவது படிக்கும்போது உடம்பெல்லாம் மணல் மணலாகத் தடித்தது. தட்டம்மைதான், எங்கள் ஊரில் மணல்வாரி என்றார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, குழம்பில் தாளிப்புக் கிடையாது, இளநீர் மட்டும் தாராளம். பாதி நாள் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம்தான் கைக்குழந்தையான என் தம்பிக்குத் தடுப்பூசி போட நர்சம்மா வந்தார். வேப்பிலையைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்று, சின்னவனுக்காவது போட்டுவிடலாம் என்று கெஞ்சினார். அப்பா வழி விடவில்லை.

"ஆத்தா உள்ள இருக்கும்போது ஊசி, இரும்பு எதுவும் வாசப்படி தாண்டக் கூடாதும்மா. பிள்ளைக்குத் தண்ணி ஊத்தட்டும், பொறகு வாங்க."

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நாளில் தம்பிக்கு வந்தது. காய்ச்சல், இருமல், காதில் சீழ். அப்புறம் மூச்சு வாங்கியது. நெஞ்சு குழிந்து குழிந்து எழும்பும். அடுத்த மூச்சு வராதோ என்று பக்கத்தில் படுத்தபடி என் மூச்சையும் பிடித்துக்கொள்வேன். அம்மை கண்ட பிள்ளையை வீட்டைவிட்டுத் தூக்கிப் போனால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அப்பா அழுதார். அவர் பயமும் பொய்யில்லை.

அம்மா வாசல் வேப்பிலையை அவிழ்த்தாள். பாதியைப் பிள்ளையைச் சுற்றிய துணிக்குள் வைத்தாள், பாதியைத் தன் இடுப்பில் செருகினாள்.

"ஆத்தாளையும் கூட்டிக்கிட்டுத்தான் போறேன். அவ கோவிக்க மாட்டா."

நானும் பின்னாலேயே ஓடினேன். எங்களைக் கண்டதும் திருச்சுழி பஸ்ஸில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்பக்கம் ஒதுங்கினார்கள். டிரைவர் வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. கை காட்டியவர்கள் புழுதியில் நின்று திட்டினார்கள். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்று அந்தக் காலி சீட்டுகளைப் பார்க்காமல் அம்மா சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

திருச்சுழி ஆஸ்பத்திரியில் தம்பி பிழைத்துக்கொண்டான். வீடு திரும்பியதும் அம்மா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. கையைத் தட்டினாள். அதற்கும் திரும்பவில்லை.

எங்கள் ஊரில் இப்போது மணல்வாரி கண்ட வீட்டைத் தேடினாலும் கிடைக்காது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். காது போனவன் என்று தெரிந்தும் கடைசிவரை அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அம்மா குரல் எப்படி இருக்கும் என்று போன பொங்கலுக்கு அவன் என்னிடம் சைகையில் கேட்டான்.