உங்க ஆளுங்க

இலங்கை மலையகத்தின் டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சுதர்ஷினிக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். இலங்கை அணி இந்தியாவோடு ஆடுவதைப் பார்க்க, புருஷனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பல்லேகலை மைதானத்துக்குப் போனாள். சிங்கக்கொடியை ஆட்டித் தொண்டை கட்டும்வரை கத்தினாள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த இலங்கை, கடைசியில் மளமளவென்று விக்கெட்டுகளை இழந்து தோற்றது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவர்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்த பக்கத்து இருக்கைக்காரர், "ஏன் தங்கச்சி அழுறீங்க? உங்க ஆளுங்கதானே ஜெயிச்சாங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர் குரலில் கேலிகூட இல்லை.

"எங்க ஆளுங்க தோத்துட்டாங்க" என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். அவர் விளங்காமல் இந்திய வீரர்களைப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் புருஷன், "அடுத்த மேட்சுக்கும் வருவோமா?" என்றான்.

"தோத்தத தாங்கிக்குவேங்க. அந்தாளு கேட்டதத்தான் தாங்க முடியல. இனி நான் வரல."